ஊரெல்லாம் நோய், டாக்டர் அறையோ காலி: அடுத்த தொற்றுக்குத் தனி டாக்டர் எந்த வழியைப் பிடிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பீனிக்சில் ஒரு முதிய டாக்டரின் சர்ஜரியை விலைக்கு வாங்கப் போகும் இளம் டாக்டர் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "அக்கா, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இரண்டு வாரம்தான் இருக்கிறது. கொரோனா போல இன்னொன்று வந்தால் கதவைத் திறந்து வைப்பதா, தொலைபேசியிலேயே பார்ப்பதா, பக்கத்து டாக்டர்களோடு சேர்வதா, மூடிவிடுவதா? வங்கிக்காரர் இதற்கும் ஒரு திட்டம் எழுதிக் கேட்கிறார்." இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் இந்த ஆண்டு ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது எளிது.

டர்பனுக்குப் புதியவர்களுக்காக ஒரு சொல்: இங்கே பொது மருத்துவரின் அறைக்குச் சர்ஜரி என்றுதான் பெயர். உள்ளே கத்தியும் இருக்காது, மயக்க மருந்தும் இருக்காது.

நான் டாக்டர் அல்ல. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் மூன்று சர்ஜரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். 2020 மார்ச்சில் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டதிலிருந்து 2022 ஏப்ரலில் அது விலக்கப்படும் வரை மூன்றும் மூன்று வழியில் போயின. ஒன்று முற்றத்தில் கூடாரம் போட்டது. ஒன்று தொலைபேசிக்கு மாறியது. மற்றொன்று ஏழு வாரம் மூடிக் கிடந்து, பிறகு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மீண்டது. மூன்றின் வரவுசெலவும் என் மேசையில்தான் இருந்தது.

நோய் பெருகினால் டாக்டருக்குக் காசு பெருகும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 5 அன்று எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் அறிவிக்கப்பட்டார். 27ஆம் தேதி ஊரடங்கு. ஏப்ரலில் பார்த்த காலி நாற்காலிகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயம் ஒரு காரணம். மினிபஸ் டாக்சியில் பாதி இருக்கைக்குத்தான் ஆள் ஏற்றலாம் என்ற கட்டுப்பாடு இன்னொன்று. பள்ளிகள் மூடியதால் பிள்ளைகளின் சளியும் காதுவலியும் நின்றன. மது விற்பனைக்குத் தடை வந்ததால் சனிக்கிழமை இரவுத் தையல் வேலை போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ வரவே இல்லை. தேசிய ஆய்வகக் கண்காணிப்பில் அது ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. தனி டாக்டரின் ஆண்டைத் தாங்கிப் பிடிப்பது குளிர்கால இருமல்தான். இருமல் இல்லாத குளிர்காலம் என்று ஒன்றை எந்தக் கணக்குப்பிள்ளையும் பட்ஜெட்டில் போட்டதில்லை. நானும் போடவில்லை.

## எதை வைத்து அளப்பது

ரொக்கமா, மெடிக்கல் எய்டா? முதலில் இதைத்தான் பார்ப்பேன். மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குத்தான் இங்கே மெடிக்கல் எய்ட் என்று பெயர். நாட்டில் அது உள்ளவர்கள் சுமார் 90 லட்சம் பேர். நூற்றுக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அரசு கிளினிக்கில் வரிசையில் நிற்பார்கள், அல்லது கையில் காசோடு நம்மிடம் வருவார்கள். மருந்து கொடுக்க உரிமம் உள்ள டாக்டர், பார்ப்பதற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகை வாங்குவார். இந்த இரண்டு வகைப் பணமும் நெருக்கடியில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ரொக்கம் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். மெடிக்கல் எய்ட் கணக்கு வந்து சேர்ந்த 30 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம்; ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதப் பணம் ஏப்ரலிலும் வந்துகொண்டிருந்தது. "நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு டாக்டர் ஏப்ரல் கடைசியில் நிம்மதியாகச் சொன்னார். மே மாதம்தான் அவருக்குப் பள்ளம் தெரிந்தது.

எத்தனை வாரச் சம்பளம் கையில் இருக்கிறது? வாடகை, சம்பளம், மருந்து மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டியது ஆகிய மூன்றையும் ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று கூட்டி, வங்கியில் இருப்பதை அதனால் வகுத்தால் விடை வாரங்களில் கிடைக்கும். பலருக்கு அந்த விடை மூன்றைத் தாண்டாது.

யார் உடம்பு பணயம்? டாக்டரின் வயது, சர்க்கரை, இதயம். வரவேற்பு மேசையில் இருப்பவருடையதும் சேர்த்து. இதை எல்லாரும் மறக்கிறார்கள்.

இடம். இரண்டாவது வாசல் உண்டா, சன்னல் திறக்குமா, முற்றம் உண்டா?

தொடர் மருந்துக்காரர்கள். இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு இந்த நாட்டின் மற்ற எல்லாச் சமூகங்களையும் விட அதிகம். சாட்ஸ்வர்த்தில் எந்த டாக்டரின் கோப்பு அலமாரியும் இதற்குச் சாட்சி. மூன்று மாதம் அவர்களைப் பார்க்காமல் விட்டால் கொரோனா தொடாதவரையும் கால் புண் தொட்டுவிடும்.

## வழி 1: கதவு திறந்திருக்கும், காய்ச்சல் வெளியே

மூன்றில் பெரிய சர்ஜரி இப்படித்தான் நடந்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும்போது கோயிலில் போடும் கெஸீபோ என்ற திறந்த கூடாரம் அந்த ஆண்டு சும்மா கிடந்தது. கூட்டம் கூட்ட அனுமதி இல்லை. கோயில் குழுவினர் அதை எங்களுக்குத் தந்தார்கள். அம்மைக்கு அஞ்சி அம்மனை வேண்டத் தொடங்கிய சனம்தானே நாம், அவள் கூடாரம் காய்ச்சல்காரர்களுக்குப் பயன்படுவது சரிதான் என்றார் வரவேற்பு மேசை ஆன்ட்டி.

காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் முற்றத்தில் கெஸீபோவின் கீழ். சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பிணிகள் பக்க வாசல் வழியே உள்ளே. காலையில் உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் டாக்டர் வெளியே வருவார். மருந்தைப் புகையாக்கி மூச்சில் விடும் நெபுலைசர் கிருமியையும் காற்றில் பரப்பலாம் என்பதால் அதை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டோம். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பம்பும் ஸ்பேசர் குழாயும்தான்.

வெளிப்படையான செலவு முகக்கவசம், கையுறை, அங்கி. முதல் மாதங்களில் அவற்றின் விலை தாறுமாறாக ஏறியது. கொள்ளை லாபம் பார்த்த விற்பனையாளர்கள் மீது சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையம் வழக்குப் போட்டு அபராதம் வாங்கியது. இந்தச் செலவு எல்லாருக்கும் தெரியும். தெரியாத செலவுகள்தான் அடித்தன.

முதலாவது நேரம். மணிக்கு ஆறு பேரைப் பார்த்த டாக்டர் மூன்று பேரைத்தான் பார்க்க முடிந்தது. அங்கியை மாற்றி, கை கழுவி, நாற்காலியைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்தவரின் நேரம் போய்விடும்.

இரண்டாவது ஆள். ஊழியர் ஒருவருக்குத் தொற்று என்றால் முதலில் 14 நாள் தனிமை. 2020 ஜூலையில் அதைப் பத்து நாளாகக் குறைத்தார்கள். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேர் பத்து நாள் இல்லை என்றால் கதவு தானாக மூடிக்கொள்ளும். ஊரடங்கின் முதல் வாரங்களில் டர்பனிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 119 பேருக்குத் தொற்று பரவியதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு வரிசையை வைத்துத் துப்புத் துலக்கினார்கள். அதில் 80 பேர் ஊழியர்கள், 39 பேர் நோயாளிகள். அந்த அறிக்கையைப் படித்த அன்றுதான் ஆன்ட்டியின் மேசையைச் சன்னலோரம் நகர்த்தினோம். கண்ணாடித் தடுப்புக்குக் கொட்டிய காசை இரண்டு சன்னல்களைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது வானிலை. முதல் அலை ஜூலையில் உச்சம் தொட்டது. டர்பன் குளிர்காலம் இளவெயிலும் காய்ந்த தரையுமாக இருக்கும். கெஸீபோவுக்கு அதைவிட வாகான பருவம் இல்லை. பீட்டா திரிபோடு வந்த இரண்டாவது அலையோ டிசம்பர், ஜனவரி. புழுக்கம், மாலையானால் இடிமழை. பிளாஸ்டிக் அங்கிக்குள் நர்ஸ் வெந்துபோனார். ஒரு மாலைக் காற்றில் கெஸீபோ பக்கத்து வீட்டு மாமரத்தில் போய்ச் சிக்கியது.

பரிசோதனையில் காசு வரும் என்று நம்பியவர்களுக்கும் ஏமாற்றம். தனியார் ஆய்வகத்தில் பிசிஆர் சோதனைக்கு 850 ராண்ட் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் போட்டி ஆணையம் தலையிட்ட பிறகுதான் அது 500 ஆனது. அந்தப் பணம் ஆய்வகத்துக்குப் போனது. மூக்கில் குச்சியை விட்ட டாக்டருக்குப் பார்வைக் கட்டணம் மட்டும். ரொக்க நோயாளிக்கு 850 ராண்ட் என்பது வீட்டுக்கு இரண்டு வார மளிகை.

இத்தனை இடிகளுக்குப் பிறகும், ரொக்க நோயாளிகள் பாதிக்கு மேல் இருக்கும் சர்ஜரிக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. கதவு திறந்திருந்ததால் அவர்கள் வந்தார்கள். 2020 கடைசியில் அந்தச் சர்ஜரியின் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் குறைவுதான், ஆனால் ஒரு நோயாளியையும் இழக்கவில்லை. டாக்டர் ஐம்பதுக்குக் கீழே, முற்றம் உண்டு, இரண்டு வாசல் உண்டு என்றால் தயங்காமல் இதைப் பிடிக்கலாம்.

## வழி 2: தொலைபேசியும் காணொளியும்

இரண்டாவது சர்ஜரியின் டாக்டருக்கு அப்போது 63 வயது, சர்க்கரையும் உண்டு. அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடிவு செய்துவிட்டார்.

சட்டம் முதலில் இடம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே தன்னிடம் வருகிறவர்களை மட்டும் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்று 2020 மார்ச் 26 அன்று மருத்துவத் தொழில் மன்றம் சொன்னது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 3 அன்று, புதியவர்களையும் பார்க்கலாம் என்று தளர்த்தியது. மெடிக்கல் எய்ட் நிறுவனங்களும் பணம் கொடுத்தன. இந்த டாக்டரிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் மெடிக்கல் எய்ட் என்பதால் வண்டி ஓடியது. நோய்த்தொற்று இல்லை, அங்கிச் செலவு இல்லை, அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவர் வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுத்தார்.

மற்ற மூன்று பேர்? "வாயால் சொன்ன வைத்தியத்துக்குக் காசா?" என்று ஒரு தாத்தா என்னிடமே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்டு, கையில் மாத்திரைப் பொட்டலம் கொடுத்தால்தான் இங்கே வைத்தியம். மருந்து கொடுத்து வந்த சிறு லாபமும் தொலைபேசியில் போய்விடுகிறது. மருந்துச் சீட்டு மருந்துக் கடைக்குப் போகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். 2020 மே மாதம், தொடர் மருந்துச் சீட்டு ஆறு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் செல்லும் என்று அரசு தற்காலிகமாக நீட்டித்தது. நோயாளிக்கு நல்லது, கூட்டத்தையும் குறைக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனவர் ஓராண்டு காணாமல் போவார். பெரிய நிறுவனங்களும் களத்தில் இறங்கின: தொலைபேசி நிறுவனமான வோடகாமும் மெடிக்கல் எய்ட் நடத்தும் டிஸ்கவரியும் சேர்ந்து கொரோனாவுக்கு இலவச இணைய வழி மருத்துவ ஆலோசனை அறிவித்தன. இலவசத்தோடு எந்தத் தனி டாக்டர் போட்டி போடுவது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு. புண்ணின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, அது டாக்டரின் மகன் விளையாடும் தொலைபேசியிலேயே கிடக்கும் பழக்கத்துக்கு அன்றே முற்றுப்புள்ளி வைத்தோம்.

தொலைபேசிக்குக் கண் இல்லை என்பது இன்னொரு சிக்கல். பேத்தி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, "ஆயா நன்றாகத்தான் பேசுகிறார், டாக்டர், மூச்சு வாங்கவில்லை" என்றாள். டாக்டருக்கு என்னவோ பொறுக்கவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை வீட்டுக்கு அனுப்பினார். 82 காட்டியது. 95க்கு மேல் இருக்க வேண்டியது. அன்றே ஆயாவை மருத்துவமனைக்கு அனுப்பினார். அதன்பிறகு ஐந்து ஆக்சிமீட்டர்களை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வீடு வீடாகச் சுற்ற விட்டோம். இந்த வழியில் போகிறவர்கள் மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் ஆக்சிமீட்டருக்குக் கட்டுங்கள்.

2021 ஜனவரியில், கொரோனாவைக் குணப்படுத்தும் என்று பலர் நம்பிய ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் கேட்டு வரிசையாக அழைப்புகள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மாதக் கடைசியில் கடும் நிபந்தனையோடு சிறு வாசல் திறந்துவிட்டது; அவ்வளவுதான், ஒரு வாரம் தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் பத்து நிமிடம். அதற்கு எந்த மெடிக்கல் எய்டும் காசு கொடுக்காது.

டாக்டர் வயதானவர், நோயாளிகளில் பெரும்பாலோர் மெடிக்கல் எய்ட், அவர்கள் பல ஆண்டுகளாகத் தெரிந்த முகங்கள் என்றால் இது சிறந்தது. கடைசிச் சொல் முக்கியம்: பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்த ஆயா என்பதால்தான் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

## வழி 3: அக்கம்பக்கத்து டாக்டர்களோடு கூட்டு

என் மூன்றாவது சர்ஜரியும் பக்கத்து டாக்டர்கள் இருவரும் சேர்ந்து அமைத்தது இது: மூன்று டாக்டர்கள், ஒரு காய்ச்சல் முற்றம். வாரத்துக்கு ஒருவர் அங்கே; மற்ற இருவர் அறைகளும் சுத்தமாக இருக்கும். ஒருவர் படுத்தால் அவருடைய நோயாளிகளை மற்றவர் பார்ப்பார். முகக்கவசம், ஆக்சிஜன் உருளை எல்லாம் மொத்தமாக வாங்கலாம்.

காகிதத்தில் இதுவே அழகான வழி. நடைமுறையில் டாக்டர்களுக்குள் நம்பிக்கை என்பது மெடிக்கல் எய்ட் பணத்தை விடத் தாமதமாக வரும் சரக்கு. "என் நோயாளியைப் பிடித்துக்கொள்வார்" என்ற பயம் எல்லார் வாயிலும் இருந்தது. சட்டமும் குறுக்கே நிற்கிறது: தன் பங்குக்கு வேலை செய்யாதவரோடு கட்டணத்தைப் பங்கு போடக்கூடாது என்பது மருத்துவ மன்றத்தின் விதி. ஆகவே யார் பார்த்தாரோ அவர் எண்ணில்தான் கணக்கு எழுத வேண்டும். 2020 மார்ச்சில் மருத்துவத் துறைக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். அது சேர்ந்து வேலை செய்வதற்கு, சேர்ந்து விலை நிர்ணயிப்பதற்கு அல்ல. அடுத்த முறை அந்த விலக்கும் வருமா என்று காத்திருக்காமல், ஒரு பக்க ஒப்பந்தத்தை இப்போதே வக்கீலிடம் காட்டி வைப்பது நல்லது.

மூன்றாவது சர்ஜரிக்கு இந்தக் கூட்டு உயிர் கொடுத்த வாரம் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் கலவரம் வெடித்து, மாகாணமெங்கும் கடைகளும் மருந்துக் கடைகளும் சூறையாடப்பட்டன. பீனிக்சில் பல உயிர்கள் போயின. அந்தத் துயரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. இங்கே சொல்ல வந்தது இதுதான்: தெருக்களில் தடுப்பு, டெல்டா அலை உச்சத்தில், இன்சுலின் வாங்க இடமில்லை. மூவரில் நடந்தே வரக்கூடிய தூரத்தில் குடியிருந்தவர் ஒருவர்தான். கூட்டிலிருந்த மூன்று சர்ஜரிகளின் குளிர்பெட்டியில் இருந்த இன்சுலினையும் அவர் அறையில் சேர்த்து, மூவரின் நோயாளிகளுக்கும் அவரே கொடுத்தார்.

தடுப்பூசிக்கும் கூட்டுதான் தோது. 2021 மே 17 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். பதிவு, குளிர்பெட்டி, மின்வெட்டுக்கு மாற்று, ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைக்க இடம் ஆகியவற்றைத் தனி டாக்டர் ஒருவர் ஏற்றால் கையைக் கடிக்கும். மூவர் பங்கிட்டால் தாங்கும்.

## வழி 4: கொஞ்ச காலம் மூடுவது

சுருக்கமாகச் சொல்கிறேன்: மலிவாகத் தெரியும், நான்கிலும் இதுவே விலை கூடியது.

ஊழியருக்கு டெர்ஸ் என்ற அரசின் தற்காலிகச் சம்பள உதவித் திட்டத்தில் மாதம் அதிகபட்சம் 6,730 ராண்ட் கிடைத்தது, அதுவும் வந்தபோதுதான் வந்தது. ஊழியரிடம் பிடித்த வரியில் 35 சதவீதத்தைப் பிறகு கட்டலாம் என்றார்கள். அது ஒத்திவைப்பு, தள்ளுபடி அல்ல. அரசு உத்தரவாதத்தில் 20,000 கோடி ராண்ட் கடன் திட்டம் என்று பெரிதாக அறிவித்ததில் மிகச் சிறு பகுதியே வெளியே வந்தது. தொழில் முடக்கக் காப்பீட்டை நம்பியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டாக்டர் அத்தியாவசியச் சேவை, யாரும் உங்களை மூடச் சொல்லவில்லை. நீங்களாக மூடிவிட்டு உணவக முதலாளிபோல இழப்பீடு கேட்டால் வாதம் நொண்டும்.

மூன்றாவது சர்ஜரி ஏழு வாரம் கழித்துத் திறந்தபோது கோப்புகள் இருந்தன, ஆட்கள் இல்லை. சாட்ஸ்வர்த்தில் நான்கு தெரு நடந்தால் இன்னொரு டாக்டர் பலகை. போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை.

அப்படியும் மூடுவதே சரி என்று நான் சொன்ன ஒருவர் உண்டு: எழுபதை நெருங்கியவர், இதய அறுவை செய்துகொண்டவர், தடுப்பூசி வராத முதல் ஆண்டு. மருத்துவப் பணியாளர்களுக்கு சிசோன்கே என்ற தடுப்பூசி ஆய்வின் வழியே முதல் ஊசி கிடைத்தது 2021 பிப்ரவரி 17 அன்றுதான். அதற்குள் இரண்டு அலைகள் போய்விட்டன. அவர் கணக்கில் வருமானத்தைப் போட்டுப் பார்ப்பதே தவறு.

## பக்கம் பக்கமாக

| | கூடாரம் | தொலைபேசி | கூட்டு | மூடல் |
|---|---|---|---|---|
| ரொக்க நோயாளிகள் | தங்குவார்கள் | நழுவுவார்கள் | தங்குவார்கள் | போய்விடுவார்கள் |
| மெடிக்கல் எய்ட் | சரி | மிக நன்று | சரி, கணக்கில் சிக்கல் | இல்லை |
| டாக்டருக்கு ஆபத்து | அதிகம் | குறைவு | மூன்றில் ஒரு வாரம் அதிகம் | இல்லை |
| கைவசம் வேண்டிய சம்பளம் | ஆறு வாரம் | நான்கு வாரம் | நான்கு வாரம் | மூன்று மாதம் |
| மறைந்த செலவு | நேரம், ஊழியர் தனிமை, மழை | மருந்து லாபம், காணாமல் போகும் சர்க்கரைக்காரர்கள் | நம்பிக்கை, வக்கீல் | திரும்பாத நோயாளிகள் |

வாரக் கணக்குகள் என் மூன்று சர்ஜரிகளை வைத்துப் போட்டவை. உங்கள் வாடகையைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

## பீனிக்ஸ் டாக்டருக்கு

அவருக்கு வயது 34. வாங்கப் போகும் சர்ஜரியில் பத்துக்கு ஆறு பேர் ரொக்கம். பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஆண்டுக்கணக்காக அதன் முன் அலமாரி நிற்கிறது. முற்றம் இல்லை, வாகன நிறுத்துமிடம் உண்டு. ஆகவே கூடாரம்தான் அவர் வழி. தொலைபேசியை ஏற்கெனவே தெரிந்த சர்க்கரை, அழுத்தக்காரர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவர் புதியவர் என்பதால் முதல் இரண்டு ஆண்டு அதை நம்ப வேண்டாம், நோயாளிகளுக்கு இன்னும் அவர் குரல் பழகவில்லை. பழைய டாக்டர் விலகும் முன் அக்கம்பக்கத்து டாக்டர்களிடம் இவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்யட்டும்; கூட்டுக்கு விதை அங்கேதான். ஆறு வாரச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த வங்கி அட்டையை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன்.

குத்தகைப் பத்திரத்தில் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லி எழுதினேன். அலமாரியை அகற்றிப் பக்கக் கதவைத் திறக்க உரிமை. அடைத்து வைத்திருக்கும் சன்னல்களை வீட்டுக்காரர் செலவில் சரிசெய்வது. தேவை வந்தால் இரண்டு வாகன நிறுத்துமிடங்களில் கூடாரம் போட அனுமதி. நேற்று பதில் வந்தது: கதவுக்கும் சன்னலுக்கும் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாராம். நிறுத்துமிடம் மட்டும் இரண்டு போதாது என்று டாக்டர் மூன்று கேட்டிருக்கிறார். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் எது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.